வேலி ஓடுது, பன்னியும் வருது: மலையடிவாரத் தோட்டங்களுக்குச் சேதம் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

ஆடி பிறந்தால் என் போன் ஓயாது. கோவைக்கு மேற்கே தொண்டாமுத்தூர், ஆலாந்துறை, நரசீபுரம் என்று மலையை ஒட்டிய தோட்டங்களில் சோலார் வேலி பழுது பார்ப்பதும், கதிர் முற்றும்வரை இராக்காவலுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு உட்காருவதும்தான் தை அறுவடை வரை என் பிழைப்பு. விடியற்காலையில் வரும் அழைப்பெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். "அண்ணா, ராத்திரி பன்னி வந்து பூராத்தையும் அழிச்சுட்டுதுங்க. என்ன மருந்துங்க அடிக்கறது?"

"பன்னிதான்னு எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேரிடம் பதில் இருக்காது. ஒரு தோட்டத்தில் மூன்று இரவு பன்றிக்குக் காவல் இருந்தார்கள். நாலாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது வரப்பு ஓரத்தில் கயிறு இழுபட்ட கோடு ஒன்று பாம்பு போன மாதிரி நெளிந்து கிடந்தது. கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் பக்கத்துத் தோட்டத்து எருமை, மூக்கணாங்கயிறோடு சாவகாசமாக அசை போட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மருந்தும் தேவையில்லை, வேலியும் தேவையில்லை. ஒரு முளைக்குச்சி போதும்.

ஆகவே கீழே இருப்பதை விலங்கு வாரியாகப் பிரிக்கவில்லை. கண்ணில் என்ன படுகிறதோ அதிலிருந்து தொடங்குகிறேன்.

எதையும் தொடாமல் ஒரு சுற்று

காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். தண்ணீர் கட்டிவிட்டால் தடம் போச்சு. ஆள் நாலு பேர் உள்ளே நடந்துவிட்டாலும் போச்சு. தின்ற இடத்துக்கு நேராக ஓடாமல் முதலில் வேலியோரமாக முழுச் சுற்று வாருங்கள். உள்ளே நுழைந்த இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கம்பியில் முரட்டு மயிர் ஒட்டியிருக்கும், கீழே மண் வழுவழுவென்று தேய்ந்திருக்கும், கல்கால் மேல் சேறு அப்பியிருக்கும்.

தடத்தில் பன்றியை அடையாளம் காண்பது எளிது. இரட்டைக் குளம்புக்குப் பின்னால், இரண்டு பக்கமும் சற்று அகலமாக, சின்னக் குளம்பு இரண்டும் குத்தியிருக்கும். ஆட்டுக்கும் மானுக்கும் சேற்றிலோ பாய்ந்து ஓடும்போதோதான் அது பதியும். முள்ளம்பன்றி வந்திருந்தால் முள் ஒன்றாவது கிடக்கும். மயிலுக்கு மூன்று விரல், கிட்டத்தட்ட உள்ளங்கை அகலம். நரித்தடம் நாய்த்தடம் மாதிரியே இருக்கும், கொஞ்சம் ஒடுங்கியது. இவ்வளவையும் போனில் படம் எடுத்து வையுங்கள், பக்கத்தில் அளவுக்கு ஒரு செருப்பை வைத்து. பிறகு இழப்பீட்டு மனுவுக்கும் இந்தப் படம்தான் உதவும்.

அறிகுறி: விதைத்த மூன்றாம் நாலாம் நாள், வரிசை பிடித்த மாதிரி குழி

மக்காச்சோளம், நிலக்கடலை இரண்டிலும் இந்தப் புகார் வரும். குழி சின்னதாக, விதை இருந்த இடத்தில் மட்டும், பென்சிலால் குத்தியது போல இருந்தால் பறவை. காக்கை, கௌதாரி, மயில் மூன்றில் ஒன்று. தடத்தைப் பாருங்கள். மண்ணைச் சீய்த்து அகலமாகப் பரத்தியிருந்தால் மயில்தான். அணில் என்றால் தோலை உரித்து அங்கேயே போட்டுவிட்டுப் போகும். ஒரு சாண் ஆழத்துக்குக் கலப்பை ஓட்டிய மாதிரி வரிசையே கிளம்பியிருந்தால் பன்றி. ஈர மண்ணில் விதையை மோப்பம் பிடித்துக்கொண்டு சால் வழியாகவே முகத்தால் உழுதுகொண்டு போகும்.

மயிலுக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை, நேரம்தான் தேவை. வெயில் ஏறுமுன்பும் பொழுது சாயும் நேரத்திலும்தான் மேயும். நடுப்பகலில் எங்காவது சீமைக் கருவேல நிழலில் ஒதுங்கிவிடும். முளைத்த பயிர் நான்கைந்து இலை விடும்வரை, சுமார் பன்னிரண்டு நாள், காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு மணி நேரம் ஒரு ஆள் நடமாடினால் போதும். சிவப்பும் வெள்ளியுமாகப் பளபளக்கும் நாடாவை முறுக்கிக் கட்டினால் காற்றில் உறுமும், ஒரு வாரம் பத்து நாள் பயன் தரும். அதை விதைத்த அன்றே கட்டிவிட்டால் முளை வரும்போது மயில் பழகிப்போயிருக்கும். முளை தலை காட்டும் நாளன்று கட்டுங்கள். தோட்டத்து மூலையில் இருக்கும் கருவேலப் புதரை வெட்டுவது வருடம் முழுக்கப் பலன் தரும் வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை.

விதையில் விஷம் கலந்து இறைப்பவர்கள் இருக்கிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது, யானையும் புலியும் இருக்கும் அதே அட்டவணை. வழக்கு வந்தால் கடலைக்காட்டை விற்றாலும் தீராது. அதை விடுங்கள், அந்த விதையைக் கோழியும் தின்னும், கோழியைப் பிள்ளைகளும் தின்னும்.

அறிகுறி: இளஞ்செடியின் தலை காணோம்

இங்கே வெட்டுவாயைத் தொட்டுப் பாருங்கள், பதில் விரல் நுனியில் இருக்கிறது. கத்தியால் சாய்வாகச் சீவியது போல வழுவழுவென்று இருந்தால் முயல். நார் நாராகக் கிழிந்து தொங்கினால் மான், கடமான் அல்லது மாடு. இவற்றுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, கடித்து வெட்ட வராது, பற்றி இழுத்துத்தான் தின்ன முடியும். கிழிசல் முழங்கால் உயரத்துக்குக் கீழேயே இருந்தால் முதலில் உள்ளூர் ஆடுகளைச் சந்தேகப்படுங்கள்.

முயலுக்கு நிழல் வலையை ஒரு முழம் உயரத்துக்குச் சுற்றி, அடியை மண்ணில் புதைத்துவிட்டால் தீர்ந்தது. மானுக்கு முட்டைக் கரைசல் தெளிப்பதில் ஓரளவு பலன் உண்டு. நாற்றம் இருக்கும்வரை வராது. ஒரு மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் அதை நம்பி உட்காராதீர்கள்.

அறிகுறி: கதிர் பிடித்த மக்காச்சோளம் சாய்ந்து கிடக்கிறது

முதல் கேள்வி, எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருக்கிறதா? அப்படியென்றால் காற்று. சிரிக்காதீர்கள், ஆவணிக் காற்றில் விழுந்ததற்கு இரண்டு முறை என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

வட்டம் வட்டமாக, பாய் விரித்த மாதிரி மிதித்துத் தட்டை நசுங்கியிருந்து, கதிர் தோலோடு சக்கையாக மென்று துப்பப்பட்டிருந்தால் பன்றிக்கூட்டம். குட்டிகள் எட்டாத கதிருக்காகத் தாய் தட்டையை முறிக்கும். தட்டை நின்றபடியே இருக்க, கீழ்க்கதிர் மட்டும் ஒன்றிரண்டு இடத்தில் பாதி கடிபட்டிருந்தால் நரியாக இருக்கலாம். கதிரின் நுனித்தோல் மட்டும் நார் நாராகக் கிழிந்து மேல்மணிகள் போயிருந்தால் கிளி. உரித்த தோல் வேலியோர மரத்தடியில் குவிந்திருந்தால் குரங்கு, அது பகலில் நடந்திருக்கும். தட்டை வேரோடு பிடுங்கப்பட்டு மண் உதறிப் போட்டிருந்தால் நான் சொல்லவே வேண்டியதில்லை, யானை.

பன்றி என்று உறுதியான பிறகுதான் வேலிப் பேச்சு. வேலி இருக்கிறவர்கள்தான் அதிகம் கூப்பிடுகிறார்கள் என்பதால் அடுத்த பகுதி நீளம்.

அறிகுறி: எனர்ஜைசர் டிக் டிக் என்று அடிக்கிறது, பன்றி உள்ளே இருக்கிறது

எனர்ஜைசர் என்பது வேலிக் கம்பிக்கு விட்டுவிட்டுக் கரண்டு அனுப்பும் பெட்டி. அந்தச் சத்தம் பெட்டி வேலை செய்வதற்கு மட்டும்தான் சாட்சி. வேலி வேலை செய்வது வேறு விஷயம். கரண்டு பெட்டியிலிருந்து கம்பிக்கு வந்து, பன்றியின் உடம்பு வழியாக மண்ணில் இறங்கி, மண்ணுக்குள்ளேயே நடந்து எர்த் கம்பி வழியாகப் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். இந்தச் சுற்றில் எங்கே அறுந்தாலும் பன்றிக்குக் கூச்சம்கூட வராது. பெட்டி பாட்டுக்கு டிக் டிக்.

ஒன்று, பேட்டரி. டிக் சத்தத்தின் இடைவெளியைக் கடிகாரத்தில் பாருங்கள். சுமாராக வினாடிக்கு ஒன்று, ஒன்றேகால் வினாடிக்கு ஒன்று என்று இருக்க வேண்டும். இரண்டு மூன்று வினாடிக்கு ஒன்று என்று இழுத்தால் பேட்டரி படுத்துவிட்டது. விடியுமுன் மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட்டுக்குக் கீழே காட்டும். நிறைய பேர் மத்தியானம் அளந்துவிட்டு "பன்னெண்டே முக்கால் இருக்குதுங்க" என்பார்கள். பேனல் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் அப்படித்தான் காட்டும். பன்றி வருவது ராத்திரி இரண்டு மணிக்கு. பேனலில் தூசி, தென்னை மட்டை நிழல், டிஸ்டில்டு வாட்டர் வற்றியது, டெர்மினலில் பச்சைப் பூ பூத்தது, இந்த நான்கையும் பார்த்துவிட்டுத்தான் புது பேட்டரிக்குக் காசு எடுக்க வேண்டும்.

இரண்டு, கம்பியில் கசிவு. பெட்டி வாசலில் 7,000 வோல்ட், கடைக்கோடியில் 2,500 என்றால் நடுவில் எங்கோ மண்ணுக்கு ஓடுகிறது. மழைக்காலத்தில் பெரும்பாலும் புல்லும் பிரண்டைக் கொடியும்தான் குற்றவாளி. ஒரு கொடி ஒன்றும் செய்யாது. நானூறு மீட்டருக்கு இருபது கொடி ஏறினால் வேலி உயிரை விட்டுவிடும். அடுத்தது வெடித்த இன்சுலேட்டர். வெயிலில் பிளாஸ்டிக் மயிரிழை அளவு கீறல் விட்டிருக்கும், பகலில் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு இரண்டு வழி. ஒன்று, இருட்டில் டார்ச் இல்லாமல் நடந்தால் கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும், "டப் டப்" என்று கேட்கும். இன்னொன்று, பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ. மீடியம் வேவில், ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு வேலியோரம் நடங்கள். கோளாறு உள்ள இடத்தை நெருங்கினால் டக் டக் என்று இரைச்சல் கூடும். வேலியின் வோல்ட் அளக்கும் புது டெஸ்டருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்கள் என் ரேடியோவைப் பார்த்துச் சிரிப்பார்கள், பிறகு கடன் கேட்பார்கள்.

நீள வேலி என்றால் நடந்து தேடாதீர்கள். நடுவில் கழற்றிவிடுங்கள். முதல் பாதியில் வோல்ட் ஏறிவிட்டால் கோளாறு இரண்டாம் பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். நாலாவது வெட்டில் கோளாறு கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு முறையும் பெட்டியை அணைத்துவிட்டு.

மூன்று, எர்த். நான் வருடாவருடம் மல்லுக்கு நிற்பது இதோடுதான். வேலி போட்டுக் கொடுப்பவர்கள் சாவகாசமாக ஒற்றை இரும்புத் துண்டை ஒரு முழம் அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். போட்ட நாளில் மண் ஈரம், டெஸ்டரில் 7,000, எல்லோருக்கும் சந்தோஷம். புரட்டாசியில் மழை இடைவெளி விட்டு, சுக்கான் கல் பூமி காய்ந்ததும் சுற்று அறுந்துவிடுகிறது. ஏமாற்றுவது என்னவென்றால் அப்போதும் டெஸ்டர் 7,000-தான் காட்டும். டெஸ்டர் குடிக்கும் கரண்டு துளியூண்டு, அதற்கு மோசமான எர்த்தும் போதும். பன்றிக்குப் போதாது.

சோதனை இப்படி. பெட்டியை அணையுங்கள். பெட்டியிலிருந்து நூறு மீட்டர் தள்ளி, நாலைந்து கடப்பாரையைக் கம்பியில் சாய்த்து மண்ணில் ஊன்றுங்கள். ஓடவிட்டு அளந்தால் கம்பியில் 2,000-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் இன்னும் ஒன்றிரண்டைச் சாயுங்கள். இப்போது கடைசி எர்த் கம்பிக்கும், அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி மண்ணில் குத்திய ஆணிக்கும் நடுவே டெஸ்டரை வையுங்கள். 300-க்கு மேல் காட்டினால் எர்த் பற்றாது. நல்ல எர்த்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டாது.

பற்றவில்லை என்றால் ஆறடி நீள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி குறைந்தது மூன்று, ஒன்றுக்கொன்று பத்தடி தள்ளி, தலை மட்டும் தெரிய அடித்து, ஒரே ஜி.ஐ. கம்பியால் இறுக்கிப் பிணையுங்கள். முறுக்கி விட்டால் போதாது, கிளாம்ப் போடுங்கள். செம்பும் ஜி.ஐ.யும் சேர்ந்தால் இரண்டு மழையில் அரித்துவிடும். இடம் தேர்ந்தெடுக்கும்போது வாய்க்கால் ஓரம், தொட்டிக் கசிவு, மாட்டுச்சாளைக் கழிவுநீர் ஓடும் பள்ளம் என்று எப்போதும் ஈரமான இடமாகப் பாருங்கள். வீட்டு எர்த், மோட்டார் எர்த் இரண்டிலிருந்தும் முப்பதடிக்கு மேல் தள்ளி இருக்கட்டும். போர் பைப்பில் கை வைத்தால் சுரீர் என்கிறது, மாடு தொட்டியில் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறது என்ற புகாருக்கெல்லாம் காரணம் இந்தத் தூரம் இல்லாததுதான்.

மண் எப்படியும் காய்ந்தே கிடக்கும் மேட்டுக்காடு என்றால் ஒரு கம்பி கரண்டு, அடுத்த கம்பி எர்த் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். இரண்டையும் சேர்த்து முட்டும் பன்றிக்கு மண் ஈரமா இல்லையா என்ற கேள்வியே கிடையாது.

நான்கு, உயரம். பன்றிக்கு உடம்பெல்லாம் முரட்டுத் தோலும் மயிரும். அதற்கு உறைப்பது ஈரமான மூக்கில் பட்டால்தான். மூக்கில் பட்டால் பின்வாங்கும். தலை உள்ளே போன பிறகு முதுகில் பட்டால் முன்னால்தான் பாயும், கம்பியையும் இழுத்துக்கொண்டு. ஆகவே அடிக்கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் இருக்கக் கூடாது, அடுத்தது அதற்கு மேல் ஒரு சாண். சமதளத்தில் எல்லோரும் சரியாகத்தான் கட்டுகிறார்கள். வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் கம்பி நேராகப் போகிறது, தரை இறங்கிவிடுகிறது. ஒரு தோட்டத்தில் முக்கால் கிலோமீட்டர் வேலியில் ஒரே ஒரு பள்ளம், அதில் ஒன்றரை முழ இடைவெளி. பன்றிகள் அந்த ஒரே வழியாகப் போய் வந்து மண்ணைத் தேய்த்து வாசல்படி மாதிரி ஆக்கிவைத்திருந்தன. பள்ளத்தின் குறுக்கே கரண்டுக் கம்பியிலிருந்து சங்கிலித் துண்டுகளை நீர்மட்டத்துக்கு மேலே நிற்கிற மாதிரி தொங்கவிட்டோம். நின்றது.

ஐந்து, இடி. ஐப்பசியில் மாலை இடி விழுந்த மறுநாள் பெட்டி செத்துக் கிடக்கும். மேகம் கருக்கும்போது வேலியைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடும் பழக்கம் எந்தத் தடுப்பானையும்விட மலிவு. ஆனால் இரவு மறுபடி மாட்ட மறந்துவிடாதீர்கள். இரண்டு ராத்திரி செத்துக் கிடந்த வேலியைப் பன்றி கண்டுபிடித்துவிட்டால் மூன்றாம் ராத்திரி உயிர் வந்தாலும் பாய்ந்துதான் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரிந்துபோயிற்று. இதே காரணத்தால்தான் கதிர் பால் பிடிப்பதற்கு முன்பே வேலி ஓடத் தொடங்கிவிட வேண்டும் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறேன்.

காட்டை ஒட்டிய நிலத்தில் மின்வேலி போட 2023-ல் தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது, பதிவு செய்ய வேண்டும். பெட்டி இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். வாங்கும்போதே பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

அறிகுறி: "இது சரிப்படாது, நேரா லைன்லயே குடுத்துடலாம்"

இது பயிரில் தெரியும் அறிகுறி இல்லை, மனிதரில் தெரியும் அறிகுறி. மூன்று இரவு தூங்காதவர் நாலாம் நாள் இப்படிப் பேசுவார். அன்றைக்கு அவரைத் தனியாக விடக் கூடாது.

எனர்ஜைசர் கொடுப்பது 7,000 வோல்ட் என்றாலும் ஒரு நொடியில் சின்னஞ்சிறு துண்டு நேரம்தான், உதறிவிட்டு விலக மீதி நேரம் இருக்கிறது. வீட்டு லைன் 230 வோல்ட்தான், ஆனால் விடாது. பிடித்தால் பிடித்ததுதான். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் பன்றிக்காக வைத்த கள்ள மின்வேலியில் மூன்று பெண் யானைகள் செத்துக் கிடந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் உடல்களைச் சுற்றிச் சுற்றி வந்ததை ஊரே பார்த்தது. யானை செய்தியில் வருகிறது. இருட்டில் தண்ணீர் மாற்றப் போன பங்காளி, கட்டியவரே கூட, இப்படிச் சாவது செய்தியில் ஒரு பத்தி.

அவுட்டுக்காயும் இதே கணக்கு. பழத்துக்குள் வெடி வைப்பது பன்றிக்கு என்றாலும் மாட்டு வாயிலும் யானை வாயிலும்தான் வெடிக்கிறது. சுருக்குக் கம்பியில் சிறுத்தை மாட்டும். பழைய சேலைத்துண்டில் குருணை மருந்தை மண்ணோடு கட்டித் தொங்கவிடும் பழக்கம் ஒன்று இருந்தது. அதற்குப் பயன்படுத்திய போரேட் 2020 முடிவோடு நாட்டிலேயே தடையாகிவிட்டது. பழைய இருப்பு பரணில் கிடந்தால் வேளாண் அலுவலரிடம் கேட்டு அப்புறப்படுத்துங்கள். பி.வி.சி. பைப்பில் கார்பைடு போட்டு வெடிக்கும் துப்பாக்கியும் வேண்டாம். "ஏன் வெடிக்கல" என்று குழாய்க்குள் எட்டிப் பார்ப்பது மனித சுபாவம், கண் போய்விடும்.

சுடலாமே என்பவர்களுக்கு: 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்ததன்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையே பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், அதையும் வனத்துறைதான் செய்யும். நம் மலையடிவாரத் தோட்டங்களில் பெரும்பாலானவை முதல் கிலோமீட்டருக்குள்ளேயே வருகின்றன. எனவே நமக்கு வேலியும் காவலும்தான் கதி.

அறிகுறி: பத்து நாள் நன்றாக வேலை செய்தது, பிறகு நின்றுவிட்டது

பழைய சேலை கட்டினேன், பாட்டில் தொங்கவிட்டேன், பாட்டு போட்டேன், மின்னும் விளக்கு வைத்தேன், எல்லாம் முதல் வாரம் பிரமாதம். பொருள் கெட்டுப் போகவில்லை. பன்றிக்கும் மயிலுக்கும் பயம் போய்விட்டது. ஒரு முறை ஒரு கடையில் "நரி குரல், புலி குரல்" எழுப்பும் கருவி ஒன்று வாங்கி மாட்டினேன். பன்னிரண்டாம் நாள் அந்தக் கம்பத்தின் காலடியிலேயே பன்றி முதுகைத் தேய்த்துவிட்டுப் போயிருந்தது, சேறு என் இடுப்புயரம் வரை.

நான் இப்போது செய்வது, எந்த ஒன்றையும் ஐந்து நாளுக்கு மேல் ஒரே இடத்தில் வைப்பதில்லை. சேலை ஐந்து நாள், பிறகு அதைக் கழற்றி விளக்கு, அதன் பிறகு முட்டைக் கரைசல். நடுவில் ஏதாவது ஒரு ராத்திரி ஆள் உண்மையாகவே இறங்கித் தகரம் தட்ட வேண்டும். வெறும் சத்தத்துக்கும் சத்தத்தோடு வரும் ஆளுக்கும் உள்ள வித்தியாசம் அதற்குத் தெரியும். வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடியதைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. அவளும் கல்லும் கவணும் கையில் வைத்திருந்தாள், பாட்டை மட்டும் நம்பவில்லை.

வரப்பில் ஆமணக்கை நெருக்கமாக விதைத்து வேலிபோல் வளர்ப்பது ஓரளவு உதவும், கடலைக்கு. மக்காச்சோள வாசனைக்கு முன்னால் அது நிற்காது.

காவல் இருப்பவர்களுக்கு ஒன்று. பரணுக்கு நடக்கும்போது கால்மூடும் செருப்பும் டார்ச்சும் கட்டாயம். இத்தனை வருடத்தில் பன்றியால் அடிபட்டவரைவிடப் பாம்பை மிதித்தவரைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: வாழை இரண்டாகக் கிழிந்து, நடுத்தண்டு மட்டும் காணோம்

யானைக்கு நான் வழிமுறை எழுத மாட்டேன், விலகும் முறைதான் எழுதுவேன். பன்றிக்குக் கட்டிய வேலி யானைக்கு நிற்காது. தந்தத்தில் கரண்டு பாயாது. கொம்பன் அதாலேயே கம்பியை அழுத்தி அறுக்கும், இல்லாவிட்டால் பக்கத்து மரத்தை முறித்து வேலிமேல் போட்டுவிட்டு நடந்து வரும். மேலிருந்து கம்பிகள் தொங்கும் சோலார் வேலி இதைவிட மேல், ஏனென்றால் தந்தத்தைக் கொடுத்து அழுத்தக் கீழே பிடிப்பு எதுவும் கிடையாது. ஆனால் ஒரு தோட்டக்காரர் தனியாகப் போடக்கூடிய சமாச்சாரம் இல்லை, ஊர் சேர்ந்து வனத்துறையோடு செய்ய வேண்டியது.

எப்போது வரும் என்பது ஓரளவு பயிர் சொல்லும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் கேழ்வரகு முற்றும் கார்த்திகை மார்கழியில் பன்னர்கட்டா காட்டுப் பக்கத்திலிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கும். நம் பக்கம் மக்காச்சோளமும் வாழையும். வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் செய்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். யானை அருகில் நின்றால் எஸ்டேட் மக்கள் போனுக்குச் செய்தி வரும், உயரமான இடத்தில் சிவப்பு விளக்கு எரியும். யானையை யாரும் துரத்தவில்லை, மனிதர்தான் வழி மாறிப் போகிறார்கள். நம் ஊரில் வாட்ஸ்அப் குழு அந்த வேலையைப் பாதி செய்கிறது, மீதிப் பாதி "குட் மார்னிங்" படங்களில் அமுங்கிப்போகிறது. யானைச் செய்திக்குத் தனிக் குழு வையுங்கள்.

உள்ளே நிற்கிறது என்று தெரிந்தால் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அது வெளியே போகும் வழியில் யாரும் நிற்காதீர்கள். நாய் கூட வர வேண்டாம், துரத்தப்பட்ட நாய் உங்கள் காலடிக்குத்தான் ஓடி வரும், பின்னாலேயே யானையும். குடித்தவரை வீட்டில் வைத்துப் பூட்டுங்கள்.

அறிகுறி: தென்னையில் குரும்பை கொட்டுகிறது, துளையோடு

காம்புப் பக்கம் ஓட்டை என்றால் எலி. மரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒன்றரை அடி அகலத் தகரத்தைச் சுற்றி ஆணியடித்தால் ஏற முடியாமல் வழுக்கும். பக்கத்து மரத்து மட்டை தொட்டுக்கொண்டிருந்தால் தகரம் வீண், மட்டையைக் கழியுங்கள். மூன்று சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் எலிப் பேஸ்டைத் தமிழ்நாட்டில் தடை செய்துவிட்டார்கள், தேடிப் போகாதீர்கள். வயல் எலிக்கு டெல்டாக்காரர்களின் தஞ்சாவூர்க் கிட்டியை மிஞ்சிய சாதனம் இல்லை. மூங்கில் வில்லும் நாரும், அவ்வளவுதான்.

தென்னங்கன்று அடியில் வரிவரியாகப் பல்தடத்தோடு பட்டை சுரண்டப்பட்டிருந்தால் முள்ளம்பன்றி. கன்றைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு. குரங்குக்கு என்னிடம் மருந்து இல்லை. பகலில் ஆள் வேண்டும், தோட்டத்துக்கு வெளியே அதற்குச் சோறு வைப்பதை ஊர் நிறுத்த வேண்டும்.

அறிகுறி: இழப்பீட்டு மனு திரும்பி வந்துவிட்டது

பெரும்பாலும் காரணம் இரண்டுதான். அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், போன போகத்துப் பயிரே இன்னும் இருக்கும். நிலத்தில் வாழை, காகிதத்தில் சோளம். விதைத்த மாதத்திலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் பயிரை ஏற்றிவிடுங்கள். குத்தகைக்காரர் என்றால் நில உரிமையாளரின் ஒப்புதல் எழுத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள், சேதமான பிறகு கேட்டால் அவருக்கும் அந்தப் பணத்தின் மேல் கண் போகும்.

இரண்டாவது, பார்வையிட வருமுன் தோட்டத்தைச் சுத்தம் செய்துவிடுவது. மனுவை வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கியதும், வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலர் வந்து மரத்தை எண்ணிப் போகும்வரை விழுந்தது விழுந்தபடி கிடக்கட்டும். சாய்ந்த வாழையை மாட்டுக்கு வெட்டிப் போட்டுவிட்டு, "முப்பது மரங்க சார்" என்றால் அவர் எண்ணுவதற்கு அங்கே மாட்டுச்சாணம் மட்டும்தான் இருக்கும்.